கண்ணாடியில் ஒரு பொட்டு

அது பொட்டுதான், வேறொன்றும் இல்லை. காலையில் தணிகாசலம் வைத்த குங்குமப் பொட்டு. தன் கண்ணெதிரே, தன் மூக்குக்கு நேரே வைத்த பொட்டு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று எத்திராஜ் தன்னையே அதட்டிக்கொண்டான். அதட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் பார்த்தான். முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில், விமானி உட்காரும் கூண்டுக்கு வெளியே, காற்றில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது அந்தப் பின்பார்வைக் கண்ணாடி. முகம் பார்க்கக்கூடப் பத்தாது. மோட்டார் காரில் இருக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து வழி கேட்க மாட்டான், சுட்டுத்தான் கேட்பான். கண்ணாடியில் சொந்த வால் தெரிந்தது, வாலுக்குப் பின்னால் பர்மாவின் காலை வானம், வானத்துக்கு நடுவில் சற்றே மேலாக அந்தக் கறுப்புப் புள்ளி. குங்குமம் சிவப்பாயிற்றே, இது ஏன் கறுப்பாக இருக்கிறது? வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் எதுவும் கறுப்புதான், இதுகூடத் தெரியாதா உனக்கு? தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்தும் கண் அங்கேயே போகிறதே, அதற்கு என்ன செய்ய? முன்னே, கொஞ்சம் கீழே, ரானடேயின் விமானம் அசையாமல் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் கட்டுகிற பாலத்தைப் படம் பிடித்தாகிவிட்டது, இனி மலைகளைத் தாண்டி மணிப்பூருக்குள் போய்ச் சேர வேண்டியதுதான். வேவு பார்க்க எப்போதும் இரண்டு விமானமாகத்தான் அனுப்புவார்கள். முன்னால் போகிறவன் தரையைப் பார்ப்பான், பின்னால் போகிறவன் முதுகைப் பார்ப்பான். தன் முதுகையும் பார்க்க வேண்டும், முன்னால் போகிறவன் முதுகையும் பார்க்க வேண்டும். ரானடே திரும்பியே பார்க்க மாட்டான், அதற்குத்தான் எத்திராஜ் இருக்கிறானே. ஒரு மனுஷன் தன் உயிரை இன்னொருத்தன் கண்ணில் வைத்துவிட்டுப் போவது என்றால் சும்மாவா? அந்தக் கண்ணில்தான் இப்போது ஒரு பொட்டு விழுந்திருக்கிறது.

எல்லாம் விடியற்காலை செய்த கூத்து. ஆயுதபூஜை. யுத்தம் நடக்கிற இடத்தில் ஆயுதபூஜைக்கு என்ன குறைச்சல், ஊரில் அரிவாள்மணையும் தராசும் வைத்துக் கும்பிடுகிறார்கள், இங்கே நிஜ ஆயுதமே வரிசையாக நிற்கிறது. தணிகாசலம் மெக்கானிக், திருத்தணிப் பக்கம், எத்திராஜின் விமானம் அவன் பொறுப்பு. எங்கிருந்தோ ஒரு பூசணிக்காய் சம்பாதித்துவிட்டான். ஸ்பானருக்குப் பொட்டு, ஸ்க்ரூடிரைவருக்குப் பொட்டு, பெட்ரோல் பம்புக்குப் பொட்டு, விமானத்தின் மூக்குக்கு ஒரு பெரிய பொட்டு, துப்பாக்கிகளுக்கு ஒவ்வொன்று, சக்கரத்துக்கு, வாலுக்கு. எத்திராஜ் ஏறி உட்கார்ந்து வார்களை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், இறக்கை மேல் நின்றிருந்த தணிகாசலம் கையை நீட்டி, போகிற போக்கில் கண்ணாடிக்கும் ஒன்று வைத்துவிட்டான்.

"ஏம்பா, கண்ணாடியில எதுக்கு?"

"வீட்ல நிலைக்கண்ணாடிக்கு வைக்கிறதில்லையா சார்? அது மாதிரிதான். இதுவும் கண்ணாடிதானே."

"அழிடா முதல்ல."

தணிகாசலம் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தான். எடுத்தான், நீட்டினான், அப்படியே கை நின்றுவிட்டது. "வச்ச குங்குமத்த எப்பிடி சார் அழிக்கிறது, இன்னிக்கிப் போயி? எண்ணெயில வேற கொழச்சிருக்கேன், காத்துல பறக்கக் கூடாதுன்னு. நாளைக்கி மறுபூஜை ஆனதும் நானே தொடச்சிடறேன். நியாயமா பார்த்தா இன்னிக்கி ஆயுதத்தையே எடுக்கக் கூடாது, வண்டிக்கு லீவு." பக்கத்தில் ரானடேயின் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. எத்திராஜுக்கு வேண்டியிருந்தால் கையை எட்டித் தானே துடைத்திருக்கலாம். கையுறை போட்ட கை மடியிலேயே கிடந்தது. "சரி விடு" என்றான். அவ்வளவுதான் நடந்தது.

சரி விடு! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். இப்போது அந்தச் 'சரி விடு' தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்குகிறது. தணிகாசலத்தைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம், அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பெரம்பூரில் அப்பா ரயில் டிரைவர். ஆயுதபூஜை அன்றைக்கு அவர் எஞ்சின் கல்யாணப்பெண் மாதிரி நிற்கும், முன்விளக்குக்குப் பட்டையாய்ச் சந்தனம், நடுவில் குங்குமம், வாழைக்கன்று, மாவிலை. அந்த விளக்குக் கண்ணாடியில் வைத்த பொட்டை யாரும் அழித்ததில்லை, அது பாட்டுக்கு ராத்திரியெல்லாம் தண்டவாளத்தின்மேல் ஒரு நிழல் வட்டத்தை ஓட்டிக்கொண்டே போகும், அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். ரயிலுக்கு என்ன, பின்னால் எவன் சுடப்போகிறான். எத்திராஜ் தலையை இடப்பக்கம் சாய்த்தான். கண்ணாடிக்குள் மேகம் நகர்ந்தது, வால் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. வலப்பக்கம் சாய்த்தான். அப்போதும் நகரவில்லை. நிஜமாகவே தூரத்தில் எவனாவது வந்தால் மேகத்தோடு சேர்ந்து நகர்ந்திருப்பான். ஆக, பொட்டு. நிரூபணம் ஆகிவிட்டது. போதுமா? அப்பாடா என்று மூச்சு விட்டான். நிம்மதி, நிஜமான நிம்மதி, முதுகுத்தண்டு வரை இறங்கியது. அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அடுத்த நினைப்பு வந்து முட்டியது: பொட்டு பொட்டுதான், சரி. பொட்டுக்குப் பின்னால்?

ஐயோ, அதுதானே. பொட்டு மறைக்கிற இடம். கண்ணாடியில் அது மிளகளவு, ஆனால் அந்த மிளகுக்குப் பின்னால் வானத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை! ஒரு விமானம் என்ன, ஒரு கூட்டமே அதற்குள் நிற்கலாம். தலையை ஆட்டினால் ஓட்டையும் கூடவே நகரும், வேறு இடத்தை மறைக்கும். இங்கே ஆட்டிப் பார்க்கிற நேரத்தில் அவன் அங்கே இருப்பான், அங்கே ஆட்டினால் இங்கே. இவன் வேறு விடாமல் விமானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்துத்தான் ஓட்ட வேண்டும், பின்னால் காவல் வருகிறவன் நேராகப் போகக் கூடாது. வளைக்கும்போதெல்லாம் வானம் முழுக்கக் கண்ணாடிக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று, பொட்டு மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படித்தான் ரஞ்சிதம் சொல்வாள். கல்யாணம் ஆகி லீவு முடிவதற்குள் கிடைத்த கொஞ்சநஞ்ச நாளில், காலையில் அவள் சன்னல் ஓரம் கைக்கண்ணாடியை மாட்டிவைத்துக்கொண்டு நெற்றிக்கு இட்டுக்கொள்வாள். இவன் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நிற்பான். அவள் திரும்பவே மாட்டாள், மோதிர விரலை நெற்றியில் வைத்தபடியே, "பின்னாடி நின்னுகிட்டு என்ன திருட்டுப் பார்வை?" என்பாள். "தெரியுதா?" "ஒரு காது தெரியுது. மிச்சத்த என் தலை மறைக்குது. பேசறதுன்னா முன்னாடி வந்து நின்னு பேசுங்க, இந்தக் கண்ணாடிய நம்பி எல்லாம் என்னால முடியாது." சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிவிடுவாள், குங்குமம் பாதி இட்டபடி. அந்தப் பாதிப் பொட்டோடு அவள் சிரித்த சிரிப்பு. இப்போது பெரம்பூரில் என்ன செய்துகொண்டிருப்பாள்? பூஜைக்கு எடுத்து வைத்திருப்பாள், அவன் பழைய சைக்கிளுக்கும் பொட்டு வைத்திருப்பாள், அவன் சவரக் கத்திக்கும் வைத்திருப்பாள், அந்தப் பைத்தியம் செய்யும்.

ரானடேயைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ரேடியோ பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி. ஆனால் என்னவென்று சொல்வது? கண்ணாடியில் குங்குமம் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றா? ஆபத்து என்றால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது, எதிரி கேட்டுக்கொண்டிருப்பான். போன மாதம் வாயைத் திறந்ததே இன்னும் ஆறவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் ரானடேயின் பின்னால், கண்ணாடி ஓரத்தில் கறுப்பாய் ஒன்று பாய்ந்தது. இவன் தொண்டை கிழியக் கத்தினான், ரானடே விமானத்தைத் தலைகீழாய் வெட்டித் திருப்பி, மலைக்கு மயிரிழையில் தப்பி, வந்த வேலையையும் விட்டுவிட்டு இறங்கினான். பார்த்தால் அது பருந்து. ரானடே திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மெஸ்ஸில் உட்கார்ந்து கையைக் கூப்பி, "கருட பகவானே, இன்றைக்கு எங்கே தரிசனம்?" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், அன்றிலிருந்து எத்திராஜ் என்ற பெயரே போயிற்று. பஞ்சாபி, வங்காளி, மலையாளி எல்லாருக்கும் புரிகிற பெயராக வேறு அமைந்துவிட்டது. சூப்பை நீட்டும் பரிமாறுகிறவன்கூடக் 'கருடா சாப்' என்கிறான். இப்போது இன்னொரு தடவை கத்தி, ரானடே மறுபடியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புரண்டு, அது வெறும் குங்குமம் என்று தெரிந்தால்? ஊருக்கே திரும்பிப் போய்விடலாம். சிரித்தே கொன்றுவிடுவார்கள். அதை நினைத்ததும் காது மடல் சுட்டது, ஆக்சிஜன் முகமூடிக்குள் வியர்த்தது. சீ, சிரிப்புக்குப் பயந்து இன்னொருத்தனைச் சாகவிடுவாயா? விடமாட்டேன். அப்படியானால் கூப்பிடு. எதைப் பார்த்துக் கூப்பிடுவது, ஒன்றும் இல்லையே. ஒன்றும் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும், ஓட்டைதான் இருக்கிறதே.

பெரிதாகிறதா அது? இல்லை, உற்றுப் பார்த்தால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். இல்லை இல்லை, ஓரம் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது, இடப்பக்கம். எண்ணெய் கசிந்திருக்கும். எண்ணெய் காற்றில் எந்தப் பக்கம் இழுக்கும்? மேலேயா கீழேயா? தணிகாசலம் சந்தனத்தைக் குழைத்தானா வெறும் குங்குமமா? கண் எரிந்தது. இமைத்தான். இமைத்த அந்தக் கணத்தில் வந்துவிட்டால் என்று பயந்து உடனே திறந்தான். மடத்தனம், துடைத்துத் தொலைத்தால் தீர்ந்தது. கூண்டின் கண்ணாடி மூடியைப் பின்னால் தள்ளினால் காற்று அறையும், ஆனால் கை எட்டும். ஒரு இழுப்பு. இடது கை தானாகவே மேலே போய்க் மூடியின் கைப்பிடியைப் பிடித்தது. பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது, காலையில் தணிகாசலத்தின் கை நின்ற மாதிரியே. அப்போதுதான் எத்திராஜுக்கு, தான் காலையிலிருந்து எதைச் சுற்றிச் சுற்றி வந்து நினைக்காமல் இருந்தோம் என்பது புரிந்தது. சம்பூர்ணம் அக்கா. அத்தான் விஷக்காய்ச்சலில் போய்ப் பத்தாம் நாள். கூடத்தில் பெண்களாய் அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஆண்பிள்ளைகள் வரக் கூடாது என்றார்கள், இவன் கதவு இடுக்கில் நின்றான். அக்காவை நடுவில் உட்கார்த்தி, யாரோ ஒரு கை, வளையல் இல்லாத ஒரு கை, ஈரத்துணியை அவள் நெற்றியில் வைத்து அழுத்தி இழுத்தது. ஒரே இழுப்பில் போகவில்லை. குங்குமம் புருவம் வரைக்கும் இழுபட்டு, நெற்றி முழுக்கச் சிவப்பாய்ப் பரவியது. அக்கா அழவில்லை, இவனைத்தான் பார்த்தாள், கதவு இடுக்கு வழியாக, நேராக. அந்தச் சிவப்பு நெற்றி. அன்றிலிருந்து யார் எங்கே குங்குமத்தைத் துடைத்தாலும், கொட்டின குங்குமத்தைத் தரையில் துடைத்தாலும்கூட, எத்திராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். ஆயுதபூஜை நாளும் அதுவுமாக, எதிரி வானத்தில், வச்ச பொட்டைத் தன் கையாலேயே அழிப்பதா? ரஞ்சிதத்தின் நெற்றியில் தானே கை வைப்பதா? மாட்டேன். என்னால் முடியாது. படித்தவன்தான், பி.ஏ. பாஸ் செய்தவன்தான், விமானம் ஓட்டுகிறவன்தான். முடியாது என்றால் முடியாது.

முன்னால் ரானடேயின் விமானம் லேசாக இறக்கைகளை ஆட்டியது. மலை முகடு வரப்போகிறது, பின்னாலேயே வா என்று அர்த்தம். எவ்வளவு நிம்மதியாகப் போகிறான் பாவி. அவனுக்கும் புனாவில் ஒருத்தி இருக்கிறாள், படத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், மெஸ்ஸில் ஒருநாள் எத்திராஜிடம் மட்டும் காட்டினான், கருடா என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டினான். நெற்றியில் பிறை மாதிரி இட்டிருந்தாள். அந்தப் பிறை இப்போது எதற்காக ஞாபகத்துக்கு வர வேண்டும்? வந்துவிட்டது. அவள் எத்திராஜைப் பார்த்ததே இல்லை, இப்படி ஒருத்தன் இருக்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது. அவள் பொட்டும் இந்தப் பாழாய்ப்போன கண்ணாடியில்தான் இருக்கிறது. அடப்பாவி, உன் பெண்டாட்டி பொட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவன் பெண்டாட்டி பொட்டை அழிக்கப் பார்க்கிறாயே! உனக்கே கூட என்ன நிச்சயம், பின்னால் இருக்கிறவன் முதலில் உன்னைத்தானே சுடுவான். ரஞ்சிதம், மன்னிச்சுக்கோ என்று வாய்விட்டே சொன்னான். முகமூடிக்குள் அந்தக் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

கூண்டு மூடியைத் தள்ளினான். காற்று உள்ளே பாய்ந்து மார்பில் அறைந்தது, காகிதம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. கையை மேலே நீட்டினான். காற்று கையைப் பின்னால் முறித்தது; பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நீட்டி, விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி இழுத்தான். ஒரே இழுப்பில் போகவில்லை. எண்ணெயில் குழைத்த குங்குமம், கையுறையிலும் எஞ்சின் எண்ணெய். இன்னொரு தடவை இழுத்தான். கண்ணாடி முழுக்கச் சிவப்பாய்ப் பரவியது. வால் இல்லை, வானம் இல்லை, மேகம் இல்லை, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் சிவப்பு. அக்காவின் நெற்றி. போயிற்று, இருந்த ஒரு கண்ணும் போயிற்று. இனி எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது? பார்க்க ஒன்றுமே இல்லாமல் போனதால்தான், வேறு வழியே இல்லாமல், அவன் தோள்வாரைத் தளர்த்திவிட்டு, உடம்பை முறுக்கி, கழுத்தைத் திருப்பி, தன் சொந்தக் கண்ணால் பின்னால் பார்த்தான்.

வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை. பொட்டு மறைத்த இடத்திலும் யாரும் இல்லை, வெறும் வானம், சுத்தமான வானம். ஆனால் இடப்பக்கம், கீழே, கண்ணாடி என்றைக்குமே காட்டாத இடத்தில், காட்டோடு காடாக ஒட்டிக்கொண்டு ஒரு விமானம் ஏறி வந்துகொண்டிருந்தது. பச்சை. மூக்கு இவனைப் பார்க்கவில்லை. இவனைத் தாண்டி, அடியால் நழுவி, ரானடேயின் வயிற்றைப் பார்த்தது. அது சற்றே சாய்ந்தபோது இறக்கையின் மேல்பக்கம் தெரிந்தது, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய சிவப்பு வட்டம், ஜப்பான்காரன் சூரியன், யாரோ அதற்கும் ஆயுதபூஜை செய்துவிட்ட மாதிரி.

"ரானடே! இடது பக்கம் வெட்டு! வெட்டு, வெட்டு!" என்ன பாஷையில் கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தையா, பெரம்பூர்த் தமிழா? பருந்தா என்று ரானடே கேட்டிருக்கலாம். ஒரு நொடி யோசித்திருக்கலாம், யோசித்திருந்தால் முடிந்திருக்கும். ரானடே யோசிக்கவில்லை. முன்னால் இருந்த விமானம் ஒரு பக்கமாய்ச் சரிந்து செங்குத்தாக நின்றது, அது இருந்த இடத்தின் வழியே குண்டுகளின் புகைக்கோடுகள் போயின, சில வாலைத் துளைத்தன. எத்திராஜ் அதற்குள் மூக்கைத் திருப்பி, குறி பார்த்தானா என்ன, அந்தப் பச்சை இருந்த திசையில் தன் துப்பாக்கியையெல்லாம் அழுத்தினான். படவில்லை. பட்டால்தான் என்ன, படாவிட்டால்தான் என்ன. பச்சை விமானம் புரண்டு, மறுபடியும் காட்டோடு காடாகிவிட்டது. வானம் காலியாயிற்று. நெஞ்சு அடித்துக்கொண்டது ரேடியோவிலேயே கேட்டிருக்கும். மலை முகட்டைத் தாண்டியபின் ரானடேயின் குரல் வந்தது, மெதுவாக, இங்கிலீஷில், "நன்றி, எத்திராஜ்" என்றது. கருடா என்று சொல்லவில்லை.

தளம் வந்து சேருகிற வரைக்கும் கூண்டை அவன் மூடவே இல்லை. திரும்பிப் பார்த்தான், மறுபடியும் திரும்பிப் பார்த்தான், இடம், வலம், கீழே. கழுத்தில் தோல் உரிந்து எரிந்தது. தலைக்கு மேலே சிவப்புக் கண்ணாடி நடுங்கிக்கொண்டே வந்தது, அதை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

தரையில் இறங்கி எஞ்சின் நின்றதும் தணிகாசலம் வழக்கம்போல் ஓடிவந்து இறக்கைமேல் ஏறினான். பக்கத்தில் ரானடேயின் விமானத்தைச் சுற்றிக் கூட்டம். வால் சல்லடையாய் இருந்தது, ரானடே கீழே இறங்கி நின்று சிகரெட்டைப் பற்றவைக்க முடியாமல் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். தணிகாசலம் அதைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிவிட்டது.

"அழிச்சிட்டீங்களா சார்."

எத்திராஜ் தன் கையுறையைப் பார்த்தான். விரலெல்லாம் சிவப்பு.

"குங்குமம் இருக்கா இன்னும்?"

"இருக்கு சார்." சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான், எடுத்துவிட்டுத் தயங்கினான். "தொடச்சிட்டுப் புதுசா வைக்கட்டுமா, ஓரமா? மறைக்காம?"

"கண்ணாடியில வேண்டாம்பா. இங்க வை."

தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைக் காட்டினான். தணிகாசலம் விரலில் தொட்டு எடுத்துக்கொண்டு குனிந்தான். பொட்டு நேராக விழவில்லை. இரண்டு தடவை முயன்றான், இரண்டு தடவையும் விரல் தப்பிப் புருவத்தில் பட்டது.

"கொஞ்சம் தலைய ஆட்டாம இருங்க சார்," என்றான் தணிகாசலம். "பின்னாடி யாரும் இல்ல."